காலால் மிதிக்கிற கம்ப்யூட்டர்

ஓசூரில் யாரிடமாவது மணி கேட்டுப் பாருங்கள். "ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் விட்டாச்சே" என்பார்கள். "செகண்ட் ஷிஃப்ட் பஸ் இப்பத்தான் போச்சு" என்பார்கள். ஐந்து, ஆறு என்று நம்பர் மட்டும் வாயில் வராது. இத்தனைக்கும் ஊர் ஊராகக் கைக்கடிகாரம் செய்து அனுப்புகிற ஊர்! டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டுச் சேர்ந்து 1984ல் ஆரம்பித்த டைட்டனின் வாட்ச் ஃபாக்டரி இங்கேதான் இருக்கிறது. அதற்கு முன்பே, 1980ல், டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்துதான் புறப்பட்டு, தமிழ்நாட்டுப் பால்காரர்களையும் வாத்தியார்களையும் சைக்கிளிலிருந்து இறக்கி உட்கார வைத்தது. அதே வருஷம் அசோக் லேலண்டும் வந்தது. சிப்காட் என்ற மூன்று எழுத்து (எண்ணினால் நாலு, இருக்கட்டும்) இந்தச் சீமையில் கிட்டத்தட்ட குலதெய்வத்தின் பெயர்.

மொழி விஷயத்திலும் ஓசூர் தனி ரகம். டீக்கடையில் ஆர்டர் தெலுங்கில் போகும், சில்லறை கன்னடத்தில் வரும், கணக்குத் தகராறு தமிழில் நடக்கும். சமாதானம் செய்து வைப்பவர் உருதுவில் ஆரம்பிப்பார். இப்போது பீகார், ஒரிஸ்ஸா பையன்கள் புண்ணியத்தில் இந்தியும் சேர்ந்து ஐந்தாகிவிட்டது. ஜூஜூவாடியைத் தாண்டி இரண்டு நிமிஷம் பஸ் ஓடினால் அத்திப்பள்ளி. போர்டு எழுத்துக்கள் எல்லாம் கொஞ்சம் வட்டமாகிவிடும். அவ்வளவுதான் எல்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருகிறவரை இங்கே லாரிகள் செக்போஸ்ட்டில் மைல் கணக்கில் படுத்துக் கிடக்கும். 2016 செப்டம்பரில் காவிரித் தகராறு வெடித்தபோது பஸ்கள் எல்லையிலேயே நின்றுபோக, மூட்டை முடிச்சோடு ஜனங்கள் இந்த ரோட்டில் நடந்தே மாநிலம் மாறினார்கள். மற்ற நாட்களில் பாதி ஓசூர் காலையில் அந்தப் பக்கம் போகும், மீதி ஓசூர் அந்தப் பக்கத்திலிருந்து வரும்.

2004ல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்து தனி மாவட்டமானது. 2019ல் ஓசூர் மாநகராட்சி ஆனது. 2021ல் போச்சம்பள்ளி பக்கம் ஓலா எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஃபாக்டரி முளைத்தது. ஐபோனுக்கு உதிரிபாகம் செய்கிற டாடா எலெக்ட்ரானிக்ஸும் இந்த மாவட்டத்துக்குத்தான் வந்திருக்கிறது. ஆக, எலெக்ட்ரானிக்ஸுக்குப் பஞ்சமே இல்லாத சீமை என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்... ஒரு கிட்டார் பெட்டிக்கு வைத்தியம் தேடி இந்தச் சீமையைச் சுற்றி வருகிற வரை.

பெட்டி என்னுடையது அல்ல. எனக்கும் சங்கீதத்துக்கும் உள்ள தொடர்பு, பக்கத்து ரூமில் குடியிருப்பதோடு சரி. பெட்டிக்குச் சொந்தக்காரர் என் பக்கத்து ரூம் தம்பி. ஐ.டி.ஐ. முடித்து, சி.என்.சி. மெஷின் ஓட்டுகிற கான்ட்ராக்ட் தொழிலாளி. சனி, ஞாயிறில் ஒரு இன்னிசைக் குழுவில் லீட் கிட்டார். கோயில் திருவிழா, காதுகுத்து, கட்சி மீட்டிங்குக்கு முன்னால் கூட்டம் சேர்க்கிற கச்சேரி... பாகலூர், பேரிகை, சூளகிரி, காவேரிப்பட்டணம் என்று எல்லா ஊர் மேடையும் அவருக்கு அத்துப்படி.

கிட்டார் எபெக்ட்ஸ் ப்ராஸஸர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. (தெரிந்தவர்கள் இந்த இடத்தில் டீ குடித்துவிட்டு வரலாம்.) எலெக்ட்ரிக் கிட்டாரை நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகினால் தகர டப்பாவில் ரப்பர் பேண்டைக் கட்டி மீட்டியது போல வறட்சியாகக் கேட்கும். சினிமாப் பாட்டில் கேட்கிற கொர்ர்ர் என்ற உறுமல், அலையலையான நடுக்கம், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற எதிரொலி எல்லாம் நடுவில் வைத்திருக்கிற பெட்டியின் உபயம். கை இரண்டும் வாசிப்பதில் இருப்பதால் காலால் மிதித்துத்தான் மாற்ற வேண்டும்.

இந்த உறுமல் பிறந்த கதை சுவாரஸ்யமானது. அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்தில் மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் பாட்டை ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தபோது மிக்ஸிங் மெஷினில் ஒரு சர்க்யூட் பழுதாகி, க்ரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டார் கரகரவென்று பதிவாகிவிட்டது. தூக்கிப் போடாமல் அப்படியே வெளியிட்டார்கள். 1961ல் பாட்டு ஹிட்! "அந்தக் கரகர வேணுமே" என்று ஆளாளுக்குக் கேட்க, 1962ல் அதற்கென்றே மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற மிதிபெட்டி விற்பனைக்கு வந்தது. 1965ல் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் அதை மிதித்ததும் உலகமே மிதிக்க ஆரம்பித்தது. நம் ஊரில் மெஷின் கெட்டால் மெமோ கொடுப்பார்கள்.

அப்புறம் டிஜிட்டல் காலம். 1983ல் ஜப்பானின் பாஸ் கம்பெனி டிடி-2 என்று உள்ளங்கை அகல டிஜிட்டல் எதிரொலிப் பெட்டியைக் கொண்டுவந்தது. தந்தியின் அதிர்வை செகண்டுக்கு 44,100 தடவை அளந்து (சி.டி.யில் பாட்டு அளக்கிற அதே கணக்கு) எண்ணாக மாற்றி, ஞாபகத்தில் வைத்து, கொஞ்சம் தாமதித்துத் திருப்பிக் கொடுத்தால் எதிரொலி. கிருஷ்ணகிரி கோட்டைப் பாறைக்கு எதிரே ஒரு எழுபது மீட்டர் தள்ளி நின்று கை தட்டிப் பாருங்கள். சத்தம் போய் மோதித் திரும்ப 0.4 செகண்ட் ஆகும். தம்பியின் பெட்டியில் "டிலே 400" என்று வைத்தால் இதே கதைதான். பாறைக்குப் பதிலாக 17,640 எண்கள்! இது போல உறுமல், நடுக்கம், எதிரொலி என்று பத்துப் பதினைந்து வித்தைகளையும் ஒரே கம்ப்யூட்டர் சிப்பில் அடைத்தால் அதுதான் ப்ராஸஸர்.

தம்பி இதை பெங்களூர் ஐ.டி. பையன் ஒருவனிடம் செகண்ட் ஹேண்டில் பதினோராயிரத்துக்கு வாங்கியிருந்தார். (ஐ.டி. பையனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டார் வருவதற்குள் விற்றாக வேண்டுமாம்.) இரண்டு வருஷமாக, நைட் ஷிஃப்ட் முடித்து வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் எபெக்ட்டைத் திருகித் திருகிப் பெட்டியில் பதிந்து வைத்திருந்தார். நாற்பது வகை. 'அம்மன் உறுமல்', 'மழை', 'குத்து 3' என்றெல்லாம் பெயர். அதில் ஒன்று 'ராஜா சார் 82'. 1982ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் அந்த நிலா பாட்டுக்காக. அசல் கிட்டாரின் மணியோசை எலெக்ட்ரிக் கிட்டாரில் வரவேண்டும் என்று மூன்று மாசம் மெனக்கெட்டார். எனக்கு அந்த மூன்று மாசமும் தூக்கம் இல்லை.

அந்தப் பெட்டிதான் ஒரு நாள் கண் சிமிட்ட ஆரம்பித்தது.

நாலு பாட்டு வரை ஒழுங்காக ஓடும். ஐந்தாவதில் 'ம்ம்ம்' என்று அடித்தொண்டையில் முனகும். டிஸ்ப்ளேயில் எழுத்துக்கள் துடிக்கும். அப்புறம் தானே அணைந்து தானே எரியும். கச்சேரி நடுவில் இப்படி ஆனால்? ஆனது! பாகலூர் பக்கம் ஒரு மேடையில், பாடகி சரணத்தை முடித்துக் கிட்டாருக்காகக் காத்திருக்க, கிட்டாரிலிருந்து மூச்சே வரவில்லை. கீபோர்டு பையன் சட்டென்று ஒரு பட்டனைத் தட்டி அதே கிட்டார் பிட்டைக் கீபோர்டிலேயே வாசித்துவிட்டான். ஜனங்கள் கைதட்டினார்கள். குழு ஓனர் அதைக் கவனித்துக்கொண்டார்.

"பாத்தியா தம்பி, கீபோர்டுலயே கிட்டார் சவுண்டு வருது. அடுத்த வாரம் பேரிகை ரோடுல மாரியம்மன் திருவிழா. அதுக்குள்ள ரெடி பண்ணிட்டியானா வா. இல்லேன்னா..." என்றார். இல்லையென்றால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. ட்ரம்பெட், வயலின் என்று ஒவ்வொரு நாற்காலியாக இன்னிசைக் குழுக்களில் காலியாகிக்கொண்டே வந்த வரலாறு எல்லோருக்கும் தெரிந்ததுதானே? சம்பளம் ஃபாக்டரியில் வருகிறது என்றாலும், அங்கே தம்பி ஒரு டோக்கன் நம்பர். மேடையில்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

முதலில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மொபைல் ரிப்பேர் கடைக்குப் போனோம். பையன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடாப்டர்தாண்ணா ப்ராப்ளம். ஒம்பது வோல்ட்தானே?" என்று வைஃபை ரௌட்டருக்கு வருகிற ஒரு அடாப்டரை எடுத்தான். பின்னும் பொருந்தியது. செருகப் போனவன் கையைத் தம்பி பிடித்துவிட்டார். "ப்ரதர், இதுல ப்ளஸ் நடுவுல இருக்கு. பெட்டிக்கு மைனஸ் நடுவுல வேணும்" என்றார்.

கிட்டார் பெட்டி வைத்திருக்கிற வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அடாப்டர் மேல் ஒரு சின்ன வட்டமும் இரண்டு பக்கமும் ப்ளஸ், மைனஸ் குறியும் போட்டிருப்பார்கள். ரௌட்டர், கேமரா சமாசாரங்களில் பெரும்பாலும் நடுவில் ப்ளஸ். கிட்டார் பெட்டிகளில் பெரும்பாலும் நடுவில் மைனஸ். சில பெட்டிகளுக்கு டி.சி.யே ஆகாது, ஏ.சி. அடாப்டர்தான் வேண்டும். 'ஒம்பது வோல்ட்' என்ற ஒரே பெயரில் மூன்று ஜாதி! மாற்றிச் செருகினால் பெட்டி காசிக்குப் போய்விடும்.

அடுத்தது பெங்களூர். முன்பெல்லாம் ஓசூரிலிருந்து பெங்களூர் போவது என்றால் சில்க் போர்டு சிக்னலில் ஒரு தூக்கம் போட்டு எழவேண்டும். 2025 ஆகஸ்ட்டில் மெட்ரோவின் மஞ்சள் லைன் பொம்மசந்திரா வரை வந்துவிட்டதால், பஸ்ஸில் பொம்மசந்திரா, அங்கிருந்து மெட்ரோ, ஆர்.வி. ரோட்டில் பச்சை லைனுக்கு மாறி சிக்பேட்டை. தம்பி பெட்டியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "எஷ்டு திங்களு?" என்று கேட்பாரோ என்று பயந்தேன்.

ஒரு பெரிய மியூஸிக் கடை. ஏ.சி., கண்ணாடி, சுவர் முழுக்கத் தொங்குகிற கிட்டார்கள். அங்கிருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். பிரச்னையைக் கேட்ட மறு நொடியே, "ஃபாக்டரி ரீசெட் பண்ணிடலாமா சார்?" என்றார். குறிப்பிட்ட பட்டன்களை அமுக்கிக்கொண்டே ஸ்விட்ச் போட்டால் பெட்டி பிறந்த மேனிக்குத் திரும்பிவிடுமாம்.

"நான் பதிஞ்சு வெச்சதெல்லாம்?"

"எல்லாம் போயிடும். ஃப்ரெஷ்ஷா ஆயிடும்."

தம்பி பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "அப்ப சர்வீஸுக்கு அனுப்பணும். மூணு வாரம். போர்டு மாத்த வேண்டியிருந்தா ஒம்பதாயிரம் ஆகலாம். பேசாம புதுசு வாங்கிடுங்களேன்" என்றார் இளைஞர். ரிப்பேர் என்ற சொல்லையே இந்தக் காலத்துக் கடைகள் மறந்துகொண்டு வருகின்றன. சட்டை பட்டன் அறுந்தாலும் புதுச் சட்டை காட்டுவார்கள் போலிருக்கிறது.

எஸ்.பி. ரோடு பக்கத்திலேயே இருந்ததால் ஒரு சுற்று வந்தோம். ரிமோட், மதர்போர்டு, ஒயர், ஏதோ ஒரு ராக்கெட்டின் பாகம் மாதிரி ஒன்று... எல்லாம் கூறு கட்டி வைத்திருக்கிற சந்தை. "சென்டர் நெகட்டிவ் இத்யா?" என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் கேட்டேன். கடைக்காரர், "எத்தனை ஆம்ப்பியர் வேணும் சார்?" என்று சுத்தமான தமிழில் கேட்டு மானத்தை வாங்கினார். சரியான அடாப்டராகவே ஒன்று வாங்கி வந்து ரூமில் போட்டுப் பார்த்தோம். நாலு பாட்டு. ஐந்தாவதில் 'ம்ம்ம்'. வியாதி உள்ளேதான்!

திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கையில் வழி பிறந்தது, அதுவும் தம்பியின் ஃபாக்டரிக்குள்ளேயே. நைட் ஷிஃப்ட்டில் பக்கத்து மெஷின் அலாரம் அடித்து நின்றுபோயிற்று. மெயின்டெனன்ஸ் ஆள் உள்ளேயிருந்து ஒரு எலெக்ட்ரானிக் கார்டைக் கழற்றி நியூஸ் பேப்பரில் சுற்றினார்.

"இதை எங்கணா அனுப்புவீங்க? ஜப்பானுக்கா?"

"ஜப்பானா! கம்பெனிக்கு அனுப்பினா ரெண்டு மாசம், ரெண்டு லட்சம். நம்ம கார்டு டாக்டர்ட்ட குடுத்தா நாளன்னிக்கு வந்துடும்."

இதுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஓசூர். பெரிய ஃபாக்டரிகளின் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே, பத்துக்குப் பத்து ஷெட்டுகளில் ஒரு உலகம் இருக்கிறது. ஒருவர் ஸ்பிரிங் மட்டும் செய்வார். ஒருவர் பழைய டூலுக்குச் சாணை மட்டும் பிடிப்பார். மோட்டார் காயில் சுற்றுபவர் அதைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். கார்டு டாக்டர்கள் இந்த ரகம். மெஷின்களின் மூளையை மட்டும் பார்ப்பவர்கள்.

எங்கள் டாக்டர் ஒரு கம்பெனி மெயின்டெனன்ஸில் ரிடையரானவர். அறுபதைத் தாண்டியவர், மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடி. சுவர் ஓரம் செர்வோ ட்ரைவ்கள் டோக்கன் போட்டு வரிசையில் காத்திருந்தன. பெட்டியை மேஜையில் வைத்தோம்.

"என்ன இது?"

"கிட்டார் ப்ராஸஸர் சார்."

"உள்ள என்ன ஓடுது?"

"டிலே, ரிவெர்ப், கோரஸ்..."

"அதைக் கேக்கல தம்பி. எத்தனை வோல்ட் ஓடுது?"

தம்பி விழித்தார். டாக்டர் சிரித்துக்கொண்டே திருப்பியைக் கையில் எடுத்தார். "காலால மிதிக்கிற கம்ப்யூட்டர்னு சொல்லு. எங்க மெஷினுக்கும் இதுக்கும் ஒண்ணும் வித்தியாசம் இல்ல. இது பாட்டை அளக்குது, அது இரும்பை அளக்குது."

திறப்பதற்கு முன் அவர் செய்த முதல் காரியம் எனக்குப் பிடித்தது. ஒரு நோட்டைத் தம்பியிடம் தள்ளி, "உள்ள நீ பதிஞ்சு வெச்ச செட்டிங்ஸ் எல்லாம் எழுது. நான் தொட்டு ஏதாவது ஆனா நாளைக்கு நீ அழக்கூடாது" என்றார். "நாற்பது இருக்கு சார்." "எழுது. நாலு பாட்டு வரைக்கும் ஓடுதில்ல, ஆஃப் பண்ணி ஆறவிட்டு எழுது." தம்பி இரண்டரை மணி நேரம் எழுதினார். "பாட்டரி வெச்ச பழைய மாடல்னா பாட்டரி செத்தா ஞாபகமும் செத்துடும். இது புது மாடல், கரண்ட் போனாலும் மறக்காது. இருந்தாலும் பேப்பர் மாதிரி வராது" என்றார் டாக்டர்.

திறந்து ஓடவிட்டு, மீட்டர் முனையை வைத்தார். உள்ளே வருகிற ஒன்பது வோல்ட்டை ஐந்தாகக் குறைத்து சிப்புக்குக் கொடுக்கிற இடம். 5.0 காட்டியது. ஒரு ஹேர் ட்ரையரை எடுத்து (அவர் தலையில் அதற்கு வேலை இல்லை) அந்த இடத்தில் சூடான காற்றை அடித்தார். 4.9... 4.7... 4.4... டிஸ்ப்ளே கண் சிமிட்டியது. 'ம்ம்ம்'.

"பாத்தியா? அஞ்சாவது பாட்டுல கெடுறது பாட்டு இல்ல, சூடு." உருளையாக இரண்டு கண்டென்சர்கள், தலை லேசாக உப்பியிருந்தன. "இது வீட்டு மேல தண்ணித் தொட்டி மாதிரி. மோட்டார் விட்டு விட்டு வந்தாலும் குழாயில ஒரே சீரா வரணும்னா தொட்டி வேணும். தொட்டி வத்திடுச்சு. பத்து டிகிரி சூடு கூடினா இதுக்கு ஆயுசு பாதி. உன் பழைய அடாப்டர் கனமான ட்ரான்ஸ்ஃபார்மர் டைப். மேல வோல்ட் கூட வந்தா இதுக்கும் கூடத்தான் வரும். மிச்சத்தையெல்லாம் இந்த ரெகுலேட்டர் சூடாக் கக்கும். எங்கயோ கன்னாபின்னான்னு வோல்ட் வருது உனக்கு" என்றார். அடாப்டர் செருகுகிற இடத்தில் ஈயமும் விட்டிருந்தது. மேடையில் யாராவது ஒயரைத் தடுக்கி இழுத்திருப்பார்கள்.

105 டிகிரி தாங்குகிற ரகத்தில் இரண்டு கண்டென்சர், நாலு இடத்தில் ஈயம். முக்கால் மணி நேர வேலை. முந்நூற்றைம்பது ரூபாய்! ஆனால் பெட்டியை உடனே கொடுக்கவில்லை. "நாலு மணி நேரம் ஓடணும். மெஷின் கார்டையே ஓட்டிப் பாக்காம வெளிய விடமாட்டேன்." தம்பி கிட்டாரை எடுத்துவர ஓடினார். அப்புறம் நாலு மணி நேரம், செர்வோ ட்ரைவ்களுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்தார். பக்கத்து சாணை பட்டறை ஆட்கள் மெஷினை நிறுத்திவிட்டு வந்து வாசலில் நின்றார்கள். ஐந்தாவது பாட்டு தாண்டியது. பதினைந்து தாண்டியது. 'ராஜா சார் 82' வந்தபோது சாணைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

இதோடு கதை முடிந்திருக்கும். கிளம்பும்போது தம்பி பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். "மேடையில பாடறப்ப மைக்ல உதடு பட்டா லேசா சுர்ருனு இருக்கும் சார். கிட்டார் கம்பியைப் பிடிச்சிருந்தா இன்னும் ஜாஸ்தி. பழகிடுச்சு."

டாக்டர் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்தார். அதுவரை இருந்த சிரிப்பு போய்விட்டது.

"பழகக் கூடாது தம்பி."

உட்காரவைத்துச் சொன்னார். கிட்டார் கம்பி, பெட்டி வழியாக ஆம்ப்ளிஃபயரின் உடம்போடு சேர்ந்திருக்கிறது. மைக், வேறொரு ஆம்ப்ளிஃபயரோடு. இரண்டில் ஒன்றுக்கு எர்த் இல்லாமல் கசிவு இருந்தால் நடுவில் நிற்கிற பாலம் நீதான். கையில் கம்பி, உதட்டில் மைக். கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும். கதை அல்ல, நடந்தது. 1972 மே மாதம் இங்கிலாந்துக்குப் பக்கத்து வேல்ஸில், ஸ்வான்ஸீ என்ற ஊரில், ஸ்டோன் த க்ரோஸ் என்ற குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி, கையில் கிட்டாரோடு மேடையில் மைக்கைத் தொட்டார். அங்கேயே உயிர் போயிற்று. வயது இருபத்தேழு. (இந்தப் பெயர், தேதியெல்லாம் நான் அப்புறம் தேடிப் படித்தது. டாக்டர் சொன்னது, "வெள்ளைக்காரன் ஒருத்தன் மேடையிலயே போயிட்டான்" என்று.)

"உன் ஆம்ப்ளிஃபயர் ப்ளக்குல மூணு பின் இருக்கா?"

"ரெண்டுதான் சார். மேல இருக்கிற பெரிய பின்னை சவுண்டு சர்வீஸ் அண்ணன் ஒடச்சிட்டாரு. அது இருந்தா முனகுதாம்."

"முனகினா முனகட்டும்! முனகலுக்கு வேற வைத்தியம் இருக்கு. அந்தப் பின்னை ஒடச்சவன் உன் உசுரை ஒடச்சிருக்கான். கார்டு போனா நான் இருக்கேன். நீ போனா ஸ்பேர் ஏது?"

பதில் பேசாமல் தம்பி ப்ளக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். டாக்டர் புது மூன்று பின் ப்ளக் மாட்டினார். கூடவே ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டு. அதில் ஆர்.சி.சி.பி. என்ற கருவி. கரண்ட் போன வழியில் திரும்பாமல் 30 மில்லி ஆம்ப்பியர் வேறு எங்காவது கசிந்தால், கண் இமைப்பதற்குள் கட் பண்ணிவிடும். வீடுகளுக்குப் போடுகிற அதே சாமான்தான். "ஜெனரேட்டர்ல எர்த் ஒழுங்கா இல்லேன்னா இதை நம்ப முடியாது. கச்சேரி எங்க? சனிக்கிழமையா? நானே வரேன்" என்றார். அவர் சங்கீதம் கேட்க வருகிறார் என்று தம்பிக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

சனிக்கிழமை சாயங்காலம் சூளகிரி தாண்டிப் பேரிகை ரோட்டில் போனோம். ரோஜாத் தோட்டங்களின் பாலிதீன் கூடாரங்கள் வெள்ளை வெள்ளையாக நின்றன. ஊர் முகப்பில் சீரியல் செட் அம்மன். டெம்போ வேனில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. டாக்டர் மேடைப் பக்கமே போகவில்லை. நேராக ஜெனரேட்டரிடம் போய் மீட்டரை வைத்தார். 258!

"என்னப்பா இது? 230 இருக்கணும்ல?"

ஜெனரேட்டர்காரர் பெருமையாகச் சிரித்தார். "ஸ்பீக்கர் நல்லா அடிக்கட்டும்னு நான்தான் ஏத்தி வெச்சிருக்கேன் சார். எல்லா ஊர்லயும் இப்படித்தான்."

டாக்டர் என்னைப் பார்த்தார். கண்டென்சர் தலை உப்பிய காரணம் பிடிபட்டுவிட்டது. எர்த் எங்கே என்று கேட்டதற்கு, ஜெனரேட்டர்காரர் வேனின் டயரைக் காட்டினார். டயர் ரப்பர் ஆயிற்றே! அப்புறம் ஒரு மணி நேரம் டாக்டர் ஊர்க்காரர்களை வேலை வாங்கினார். கடப்பாறை கொண்டுவந்து ஓட்டை போட்டு, அவர் கொண்டுவந்த எர்த் கம்பியை அடித்து இறக்கி, இரண்டு குடம் தண்ணீர், ஒரு பை உப்பு. ஒரு பாட்டி என்ன வேண்டுதலோ என்று நினைத்துக் கொஞ்சம் மஞ்சளும் போட்டுவிட்டுப் போனாள். ஒயரை இறுக்கி, வோல்ட்டை இறக்கி, டெஸ்ட் பட்டனை அமுக்கினார். 'டக்'கென்று கட் ஆனது. மறுபடி போட்டார். கடைசியாக மேடையேறி, மைக்குக்கும் கிட்டார் கம்பிக்கும் நடுவே மீட்டரை வைத்துப் பார்த்தார். பூஜ்யத்தை ஒட்டி நின்றது.

கச்சேரி ஒன்பதரைக்கு ஆரம்பித்தது. அம்மன் பாட்டில் உறுமல் கேட்டு முன் வரிசைக் குழந்தைகள் துள்ளின. ஐந்தாவது பாட்டுக்கு நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். தாண்டிவிட்டது. பன்னிரண்டு மணி வாக்கில் 'ராஜா சார் 82'. மைக்கில் உதடு படப் படக் கூடப் பாடிக்கொண்டே வாசித்தார் தம்பி. கீபோர்டு பையன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். குழு ஓனர் அடுத்த வாரம் காவேரிப்பட்டணம் கச்சேரிக்கு ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடச் சொன்னார்.

டாக்டர் எங்கே என்று தேடினேன். ஜெனரேட்டர் வேன் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அந்த இரைச்சலில் பாட்டு ஒரு வரி கூடக் கேட்டிருக்காது. தம்பி வியர்வையோடு ஓடிவந்து, "சார், எப்படி சார் இருந்துச்சு?" என்றார்.

டாக்டர் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"231 தம்பி. மூணு மணி நேரமா அசையவே இல்ல!"